பாடநூலின் ஓரமும் கணனித் திரையும்

மோர்னிங்சைட் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கின் விளிம்பில், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் இருக்கிறது. எம்மவரின் பிள்ளைகள் பலர் படித்துப் பட்டம் பெற்ற இடம். அதன் பழைய கொங்கிறீற் கட்டடம் ஒரு விசித்திரமான கல்விப் பரிசோதனைக்காகக் கட்டப்பட்டது என்பது அங்கு படித்தவர்களிற் பலருக்கே தெரியாது. 1964இல் ஸ்காபரோக் கல்லூரி என்ற பெயரில் அது நிறுவப்பட்டபோது, போதனையில் ஏறத்தாழப் பாதியைக் கட்டடத்துக்குள்ளேயே ஓடும் தொலைக்காட்சி மூலம் நடத்துவதென்று திட்டமிட்டார்கள். போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை பல்கலைக்கழக வாசலுக்கு வந்துகொண்டிருந்தது, விரிவுரையாளர்கள் போதவில்லை. ஒருவர் ஒருமுறை ஒளிப்பதிவுக் கூடத்தில் நின்று பேசினால் போதும், அதையே வருடக்கணக்காகப் போட்டுக் காட்டலாம் என்பது கணக்கு. கட்டடக் கலைஞர் ஜோன் அன்ட்றூஸ் ஒளிப்பதிவுக் கூடத்தையும் திரை பொருத்திய வகுப்பறைகளையும் மனதில் வைத்தே அதை வரைந்தார். 1966இல் கட்டடம் திறக்கப்பட்டது. கட்டடத்துக்கு உலகப்புகழ் கிடைத்தது. தொலைக்காட்சிப் போதனையோ 1970களின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. ஜோன் லீ என்பவர் அந்தப் பரிசோதனையைப் பற்றி 1971இல் ஒரு நூலே எழுதினார். திரையில் தோன்றும் விரிவுரையாளரிடம் கை உயர்த்திக் கேள்வி கேட்க முடியாது என்பது கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது போலும்.

இந்தப் பழங்கதையை இப்போது கிளறுவதற்குக் காரணம் உண்டு. எமது சங்கக் கூட்டங்களில் அண்மைக்காலமாக ஒரு கருத்து உரத்துக் கேட்கிறது. இனி ஆங்கில வகுப்பு எதற்கு, கையில் இருக்கிற தொலைபேசியே ஆங்கிலத்தில் எழுதித் தருகிறதே, வகுப்புக்குச் செலவிடுகிற காசை வேறு காரியத்துக்கு எடுக்கலாமே என்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு பிறந்த வாதம்போல இது தோன்றுகிறது. உண்மையில் இதற்கு அறுபது வயது. ஆசிரியரைக் குறைத்து எந்திரத்தைக் கூட்டுவது என்ற கனவு ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்க்க விரும்புகிறேன். அதற்குள் எமக்கு நெருக்கமான ஒரு கிளைக்கதையும் இருக்கிறது. அது யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது.

கணனியை ஆசிரியராக்கும் முதற் பெருமுயற்சி இல்லினோய் பல்கலைக்கழகத்தில் 1960இல் டொனால்ட் பிற்சர் தொடக்கிய 'பிளேட்டோ'. கிரேக்க ஞானியின் பெயரைச் சூடியிருந்தாலும் அத்தகைய எந்திரப் பாடங்களின் ஞானகுரு ஸ்கின்னர் என்ற உளவியலாளர்தான். பாடத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கு. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு கேள்வி வை. சரியென்றால் அடுத்தது, பிழையென்றால் மீண்டும் அதே இடம். இலக்கணத்துக்கும் சொல்லறிவுக்கும் இது ஓரளவு பொருந்தியது. எழுத்துக்குப் பொருந்தவில்லை. ஒரு பந்தியை எழுதுவதற்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாதே.

இந்த முறை செத்துவிடவில்லை. நான் வேலைசெய்த தொழிற்சாலைகளில் இரசாயனப் பொருட்கள் பற்றிய 'விமிஸ்' பாதுகாப்புப் பாடத்தைக் கணனியில்தான் படிக்க வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், 'அடுத்தது' என்று ஒரு பொத்தான், ஈற்றில் பத்துக் கேள்வி. முதல் நாள் எழுதி முடித்தவர் மற்றவருக்கு விடை வரிசையைச் சொல்லிக் கொடுப்பார். எல்லோரும் நூறு புள்ளி எடுத்துச் சான்றிதழ் பெறுவோம். அமிலக் கலன் எது என்பதை, பக்கத்தில் நிற்கும் பழைய தொழிலாளி தமிழிலோ தகாலொக் மொழியிலோ சொல்லித்தான் அறிந்துகொள்கிறோம்.

பிளேட்டோவில் கவனிக்க வேண்டியது பாடமல்ல, பாடத்துக்கு வெளியே நடந்தது. 1973இல் அதைச் சுற்றித் திரிந்த இளைஞர்கள் இரண்டு சிறு ஏற்பாடுகளைச் செய்தார்கள். ஒன்று 'நோட்ஸ்', குறிப்புகளை எழுதி ஒட்டுவதற்கு. மற்றது 'டோக்கொமற்றிக்', பலர் ஒரே நேரத்தில் ஒருவர்க்கொருவர் எழுதிப் பேசுவதற்கு. பாடம் படிக்க வந்தவர்கள் இரவிரவாக அங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுதும்படி சொல்லவில்லை, யாரும் புள்ளி போடவில்லை. பாடநூலைக் கொடுத்தால் மாணவன் அதன் ஓரத்தில் எழுதுவான் என்பதன் மின்சார வடிவம் இது.

ஓரம் என்ற சொல்லை நான் சும்மா எடுக்கவில்லை. சுரேஷ் கனகராஜா 1984 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையாளராக இருந்தவர். பின்னர் அமெரிக்கா சென்று இத்துறையில் உலகறிந்த பேராசிரியரானவர். 1993இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்று யாழ்ப்பாணத்து முதலாமாண்டு மாணவர் 22 பேரின் ஆங்கில வகுப்பைப் பற்றியது. அவர்களுக்குக் கிடைத்த பாடநூல் 'அமெரிக்கன் கேர்ணல் லெசன்ஸ்'. அந்நூலின் உலகம் அமெரிக்க நடுத்தர வர்க்கத்து உலகம். படித்தவர்களின் உலகமோ குண்டுவீச்சும் இடப்பெயர்வும். வகுப்பில் மாணவர் பணிவாக இருந்தார்கள். பாடநூலின் ஓரங்களில் அவர்கள் எழுதியவையும் வரைந்தவையும் வேறு கதை சொல்லின. போராட்டச் சின்னங்கள், சினிமா, காதற் குறிப்புகள், பாடத்தைக் கிண்டலடிக்கும் வரிகள். ஆசிரியருக்குக் காட்டுவதற்காக அவற்றை யாரும் எழுதவில்லை.

இதை 'எதிர்ப்பு' என்று கொண்டாடி முடித்திருந்தால் அது சாதாரணக் கட்டுரையாகியிருக்கும். அக்காலத்தில் அப்படிக் கொண்டாடுவது நாகரிகமாகவும் இருந்தது. கனகராஜா அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. ஓரத்தில் அமெரிக்கப் பண்பாட்டைக் கேலி செய்த அதே மாணவர்கள் வகுப்பில் இலக்கண விதிகளையும் பரீட்சைக்கு உதவும் குறிப்புகளையுமே கேட்டார்கள் என்பதையும் அவர் பதிவுசெய்தார். கலந்துரையாடலாக வகுப்பை நடத்தும் புதுமுறையில் அவர்களுக்கு நாட்டமில்லை. ஆங்கிலம் தேவை, அதனுடன் வரும் உலகம் வேண்டாம். இந்த இரண்டுக்கும் இடையில் அவர்கள் தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றத்தை மறைக்காமல் எழுதியதுதான் அக்கட்டுரையின் நேர்மை.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் எழுதுவது என்பது முதலில் ஒரு பொருட்பிரச்சினை. 1990இலிருந்து மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். கொப்பித் தாளின் இரு பக்கமும் முடிந்த பிறகு ஓரத்தில் எழுதிய தலைமுறை நாங்கள். கனகராஜா 1996இல் ஒரு கட்டுரையிலும் 2002இல் 'கல்விசார் எழுத்தின் புவிசார் அரசியல்' என்ற பொருள்பட்ட நூலிலும் இதைச் சர்வதேசப் புலமையாளர் முன் வைத்தார். ஆய்வேடுகள் கேட்பவை நல்ல தாள், பல பிரதிகள், அண்மைய நூற்பட்டியல், தபாற் செலவு. இவையெல்லாம் அறிவின் தரத்தோடு தொடர்பற்றவை. ஆனால் இவை இல்லாதவனின் அறிவு அச்சேறாது. மையத்துக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள வேலி சிந்தனையால் மட்டும் கட்டப்பட்டதல்ல, தாளாலும் மையாலும் கட்டப்பட்டது என்று காட்டினார். தொழில்நுட்பத்தைப் புறக்கணிக்கலாம் என்று பேசுகிற எம் நண்பர்கள் இதை மறக்கக் கூடாது. கணனியில்லாத எழுத்துக் கல்வி தூய்மையானதென்று எண்ணுவது, விளக்கில்லாமல் படித்திராதவர்களின் சொகுசு.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு சம்பவம் நடந்துகொண்டிருந்தது. வாஷிங்டனில் உள்ள கலடெற் பல்கலைக்கழகம் செவிப்புலனற்றோருக்கானது. அங்குள்ள மாணவர் பலரின் பேச்சு சைகை மொழி. ஆங்கிலம் அவர்களுக்குப் பாடப்புத்தகத்திலும் பரீட்சைத் தாளிலும் மட்டும் சந்திக்கும் மொழி. அதில் அவர்கள் எவருடனும் சண்டை பிடித்ததில்லை, பகிடி விட்டதில்லை. 1985இல் ட்ரென்ற் பட்சன் என்ற ஆங்கில ஆசிரியர் வகுப்பறையில் கணனிகளை ஒன்றோடொன்று இணைத்து, வகுப்பு முழுவதையும் எழுத்திலேயே நடத்தத் தொடங்கினார். ஆசிரியர் எழுதுவது எல்லாத் திரைகளிலும் தோன்றும். மாணவர் பதில் எழுதுவர். ஒருவரையொருவர் மறித்து எழுதுவர். ஆங்கிலம் முதற்தடவையாக அவர்களுக்கிடையில் புழங்கும் மொழியாயிற்று.

எமக்கும் அந்த மாணவருக்கும் உள்ள ஒற்றுமையை நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்காபரோவில் இருபத்தைந்து வருடம் வாழ்ந்து, தமிழ்க் கடை, தமிழ் வைத்தியர், தமிழ்க் கணக்காளர் என்று காலம் போக்கி, ஆங்கிலத்தைப் படிவங்களில் மட்டும் சந்திக்கிற எத்தனை பேரை நாம் அறிவோம்!

கலடெற்றில் தொடங்கியது வேறிடங்களுக்கும் பரவியது. ஒஸ்ரினில் உள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழக ஆங்கிலத்துறையில் உருவான 'டேடலஸ்' என்ற மென்பொருள் இவ்வகை வகுப்புக்குப் பெயர்பெற்றது. பெர்க்லியில் றிச்சர்ட் கேர்ன் அதைப் பிரெஞ்சு மொழி வகுப்பில் பயன்படுத்தி 1995இல் முடிவை வெளியிட்டார். வாய்மொழி வகுப்போடு ஒப்பிடும்போது மாணவர் இரண்டிலிருந்து மூன்றரை மடங்கு அதிகமான தடவை வாய்திறந்தார்கள், அதாவது விரல் திறந்தார்கள். பேசக் கூசுபவர் எழுதினார். ஆசிரியரின் பங்கு சுருங்கியது. இலக்கணச் சுத்தம் குறைந்தது என்பதையும் கேர்ன் ஒளிக்கவில்லை.

கனகராஜா தம் கலாநிதிப் பட்டத்தை 1990இல் பெற்றதும் அதே ஒஸ்ரினில்தான். 1997இல் வெளியான இன்னொரு கட்டுரையில், அங்கே அவர் கற்பித்த எழுத்து வகுப்பொன்றை ஆராய்கிறார். மாணவரிற் பெரும்பான்மையினர் கறுப்பின அமெரிக்கர்; வகுப்பறை வலையமைப்பால் இணைந்தது. மாணவர் தமக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளிலும் திரை உரையாடல்களிலும் தமது சொந்த வழக்கில் எழுதினார்கள், பல்கலைக்கழகத்தையும் அதன் எதிர்பார்ப்புகளையும் விமர்சித்தார்கள், ஒருவரையொருவர் தேற்றினார்கள். புள்ளிக்காக எழுதும் கட்டுரைக்கு வந்ததும் அந்தக் குரல் ஒடுங்கிவிட்டது. மேரி லூயிஸ் பிராட் 1991இல் பயன்படுத்திய 'பாதுகாப்பான வீடு' என்ற கருத்தை எடுத்து அவர் இதை விளக்கினார். பலமுள்ளவரும் பலமற்றவரும் மோதும் இடத்தில், பலமற்றவர் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் மறைவிடம் அது. 2004இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் யாழ்ப்பாணத்துப் பாடநூல் ஓரத்தையும் ஒஸ்ரினின் கணனித் திரையையும் அவரே அருகருகே வைத்துப் பேசினார்.

என் பார்வையில், கணனி கொண்டு ஆங்கிலம் கற்பித்த அறுபது வருட வரலாற்றில் ஒரு தமிழர் கண்டுசொன்ன முக்கியமான விஷயம் இதுதான். எழுதப் பழகுகிறவனுக்கு அதிகாரி பார்க்காத ஓரிடமும், அங்கே பதில் எழுத ஒரு மனிதரும் வேண்டும். கணனி அதைத் தந்த வேளைகளில் பயன்பட்டது. பாடம் தந்து புள்ளி மட்டும் போட்ட வேளைகளில் அது ஸ்காபரோக் கல்லூரியின் தொலைக்காட்சிதான். ஓரத்திலிருந்து நடுப்பக்கத்துக்கு வருவதற்கு ஆசிரியரின் கை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒஸ்ரின் மாணவர் அந்தத் தூரத்தைத் தாமாகக் கடக்கவில்லை.

எமது விடயத்துக்கு வருவோம். கனடாவில் எம்மிற் பெரும்பாலோர் எழுதிய முதல் ஆங்கிலக் கட்டுரை எது? 1989இல் குடிவரவு, அகதிகள் சபை செயற்படத் தொடங்கிய பிறகு வந்தவர்களுக்கு அது அகதிக் கோரிக்கைப் படிவத்தின் வாக்குமூலம். 28 நாட்களுக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. 2012 டிசம்பரில் வந்த புதிய படிவத்துக்கு, எல்லையிலோ விமான நிலையத்திலோ கோரியவர்களுக்கு, அப்போது 15 நாட்கள்தான் தவணையாக இருந்தது. எம் வாழ்வை முடிவுசெய்த அந்தக் கட்டுரையை எம்மில் எத்தனை பேர் எழுதினோம்? நாம் தமிழில் சொன்னோம், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்கினார், சட்டத்தரணி அலுவலகம் வடிவம் கொடுத்தது, நாம் ஒப்பமிட்டோம். பின்னர் விசாரணையில், நாம் எழுதாத வசனத்துக்கும் நாம் சொன்ன வார்த்தைக்கும் இடையிலுள்ள முரண்பாட்டுக்கு நாமே விளக்கம் கொடுத்தோம்.

அந்த வேளையில் எமக்கு ஆங்கிலம் கற்பிக்க யார் இருந்தார்கள்? புதிதாக வந்தோருக்கான மத்திய அரசின் மொழித் திட்டமான 'லிங்க்' 1992இல் தொடங்கியது. நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் அகதியென ஏற்கப்பட்டவர்களுக்கும்தான் அதில் இடம். விசாரணைக்குக் காத்திருந்தவர்களுக்கு இல்லை. குடியுரிமை பெற்றுவிட்டவர்களுக்கும் இல்லை. எழுத வேண்டிய தேவை மிகக் கூடியிருந்த காலத்தில் வாசல் பூட்டியிருந்தது. மாகாண அரசின் செலவில் பாடசாலைச் சபைகள் நடத்திய வகுப்புகள்தான் ஓரளவு கைகொடுத்தன. இரவு வேலைக்காரருக்கு அதுவும் எட்டவில்லை.

எம்மவர் கணனியைப் பழகியது ஆங்கில வகுப்பில் அல்ல. பாமினி எழுத்துருவில் கல்யாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் சஞ்சிகைப் பக்கமும் தட்டச்சுச் செய்து பழகினோம். 1995 அளவில் மத்திய அரசு தொடங்கிய சமூக அணுகல் திட்டம் நூலகங்களுக்கும் சமூக நிலையங்களுக்கும் பொதுமக்களுக்கான இணையத் தொடர்பைக் கொண்டுவந்தது. 2012இல் அதற்கான நிதி நிறுத்தப்பட்டது. அந்தப் பதினேழு வருடத்தில் நூலகக் கணனி முன்னால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக் கடிதம் எழுதியவர் எத்தனை பேர்! அதுவும் ஓர் ஓரந்தான். யாரும் திருத்தவில்லை, ஆதலால் எழுதினோம்.

பின்னர் லிங்க் வகுப்புகளுக்கும் இணையம் வந்தது. 2010இலிருந்து ஆசிரியர்களுக்கு 'மூடில்' என்ற இணையப் பாடமேடையில் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல முயற்சி, வீட்டிலிருந்து படிக்க வழிசெய்தது. கூடவே, மாணவரின் எழுத்துப் பயிற்சிகளைக் கோப்பில் சேர்த்து மதிப்பிடும் முறையும் கட்டாயமாயிற்று. ஆசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள், வேலைப்பளு கூடியதென்று. எனக்கு வேறோர் ஆட்சேபம் உண்டு. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை நிமிடம் இருந்தார், எத்தனை பிழை விட்டார் என்பதையெல்லாம் இணையப் பாடமேடை பதிந்து வைக்கிறது. அகதிக்குக் கோப்பு என்றால் என்ன என்பதை அந்த நிர்வாகிகள் அறியமாட்டார்கள். ஆங்கிலத்தில் தான் எழுதியது எல்லாம் ஒரு கோப்பில் ஏறி ஒருநாள் தனக்கு எதிராக வாசிக்கப்படும் என்பதை அனுபவத்தில் கற்றவன், கோப்புக்குள் எதைத் துணிந்து எழுதுவான்? 'எனது ஊர் அழகானது' என்று எழுதுவான்.

இனிச் சாட்ஜிபிடி. அதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு வேலை முடிந்து வந்து அதிகாலை மூன்று மணிக்கு மேற்பார்வையாளருக்கு ஒரு சுகவீனக் கடிதம் எழுத வேண்டியவனுக்கு அது உதவுகிறது. பிழைக்குச் சிரிப்பதில்லை. ஏன் பிழை என்று தமிழில் கேட்டால் தமிழில் சொல்கிறது. நூறு வகுப்பில் கேட்கக் கூசிய கேள்வியை அதனிடம் கேட்கலாம். அந்த அளவில் அது ஓரிடம் தருகிறது, சொந்தக்காரனான கம்பனி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை நாம் மறக்காதவரை.

ஆனால் எம்மவர் அதைப் பயன்படுத்துவது பழகுவதற்கல்ல, எழுதுவிப்பதற்கு. அதாவது பழைய மொழிபெயர்ப்பாளரின் இடத்தில் அதை அமர்த்துகிறோம். வழவழப்பான ஆங்கிலம், கீழே எமது ஒப்பம். இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. 2023இல் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர்கள், எழுத்து மனிதனுடையதா எந்திரத்தினுடையதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்றவர்கள் 'டோஃபல்' பரீட்சைக்குத் தம் கையால் எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை எந்திரம் எழுதியதென்று அவை தீர்ப்பளித்தன. அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஏறத்தாழப் பிழையின்றி இனங்கண்டன. காரணம் எளிது: சொற்தொகை குறைந்த, வசனம் எளிமையான எழுத்து அந்தக் கருவிகளுக்கு எந்திரத்தின் எழுத்தாகத் தெரிகிறது. தகப்பன் எழுதாத வாக்குமூலத்தை அவனுடையதென்று வைத்து விசாரித்தார்கள். பிள்ளை எழுதிய கட்டுரையை அவளுடையதல்ல என்று விசாரிக்கிறார்கள். இந்த நிலையில் ஆங்கில வகுப்பை மூடச் சொல்பவர்கள் எதை மூடச் சொல்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

மோர்னிங்சைட் பக்கத்தில் ஒரு மாடிக்கட்டடத்தின் கீழ்த்தள அறையில் ஞாயிறு பின்னேரங்களில் எட்டுப் பேர், பத்துப் பேர் கூடுகிறோம். எல்லோரும் தொழிற்சாலைக்காரர், துப்புரவு வேலைக்காரர், மூன்று அம்மாமார். கலடெற் முறையைச் சிறிது மாற்றி நடத்திப் பார்க்கிறோம். முதல் ஒரு மணித்தியாலம் எவரும் வாய்திறப்பதில்லை; பட்டப்பெயரில், ஒரே திரைப்பக்கத்தில், ஒருவர்க்கொருவர் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தமிழ்ச் சொல் கலந்தால் குற்றமில்லை. நான் திருத்துவதில்லை, என் பட்டப்பெயரையும் அவர்கள்தான் வைத்தார்கள். இரண்டாவது மணித்தியாலத்தில், விரும்பியவர் தான் எழுதியதில் ஒரு பந்தியைத் தெரிந்து தந்தால், அதை எடுத்து இலக்கணம், ஒழுங்கு, சொல் என்று முறையாகத் திருத்திக் கடிதமாகவோ முறைப்பாடாகவோ ஆக்குகிறோம். வாடகைச் சபைக்குப் போன ஒரு முறைப்பாடு அப்படித்தான் உருவானது. முதல் மணித்தியாலத்து எழுத்தை வகுப்பு முடியும்போது அழித்துவிடுவது அவர்களே போட்ட விதி. அதில் எவ்வளவோ நல்ல வரிகள் போகின்றன. அழிக்காமல் அச்சடித்து வைப்போமா, இந்தச் சஞ்சிகைக்கே கொடுக்கலாமே என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள்.